கொண்டை ஊசி வளைவின் மேல் பழி போட்டுவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்தால் தலைகுந்தா புல்வெளி வெள்ளை வேட்டி விரித்த மாதிரி கிடக்கும் படம் உங்கள் பத்திரிகையில் தவறாமல் வரும். கையுறை போட்ட ஒருவர் கார் கூரையிலிருந்து உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருப்பார். அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். இந்தக் குளிருக்கு அதன் கீழே நாலு வரி இடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது கசியும் சைலன்சர் பற்றி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக 22 வருடம் இருந்தேன். ஓய்வு பெற்று வெலிங்டன் பக்கம் வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 1998-ம் வருட பெட்ரோல் வேன். முன் சீட்டைத் தூக்கினால் அடியில் இன்ஜின் தெரியுமே, அந்த ரகம். கார்புரேட்டர் வண்டி, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பழைய ஏற்பாடு. "இதை இன்னுமா வச்சிருக்கீங்க" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

போன நவம்பரில் பழைய சைலன்சர் துருப்பிடித்து அடிப்பக்கம் உதிர்ந்துபோனது. குன்னூர் மழைக்கும் மூடுபனிக்கும் சைலன்சர் அவ்வளவுதான் தாங்கும். கீழே சமவெளியில் ஒரு கடையில் 2,800 ரூபாய் கொடுத்துப் புதிதாக வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு வந்தேன். பளபளவென்று வெள்ளிப் பூச்சு. சத்தமும் கச்சிதம். காலையில் முதலில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் அடியிலிருந்து "டிக் டிக்" என்று ஒரு ஒலி வரும், ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். வால்வு சத்தம், வயதான இன்ஜின்தானே என்று விட்டுவிட்டேன். 22 வருட மெக்கானிக் செய்த முதல் தப்பு அதுதான். கசிகிற இடம் குளிரில் வாய் திறந்திருக்கும். இரும்பு சூடேறி விரிந்ததும் வாய் குறுகி, சத்தம் அடங்கும். சத்தம்தான் அடங்கும், கசிவு முழுதாக நிற்காது.

டிசம்பர் இரண்டாம் வாரம் அக்காவுக்குக் கோயம்புத்தூரில் கண் ஆபரேஷன். நான், மனைவி, அக்கா, ஆறு வயதுப் பேத்தி, நாலு பேரும் விடிகாலையில் இறங்கினோம். இறங்கும்போது யாருக்கும் ஒன்றுமில்லை. பேத்தி கல்லாறு வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

திரும்பும்போது ராத்திரி எட்டரை. மேட்டுப்பாளையம் தாண்டியதும் குளிர் ஏற ஆரம்பித்தது. அக்காவின் கண்ணில் கட்டு, காற்றுப் படக்கூடாது என்று எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டோம். முன்னால் ஒரு லாரி. இரண்டாவது கியரில் அதன் பின்னாலேயே ஊர்ந்தோம். கல்லாறு தாண்டி நாலைந்து வளைவு போயிருக்கும், "என்னங்க, மண்டை இடிக்குது" என்றாள் மனைவி. நாள் பூரா ஆஸ்பத்திரியில் பட்டினி கிடந்ததால் இருக்கும் என்றேன். அக்கா ஒன்றும் பேசவில்லை, தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு கொட்டாவி மேல் கொட்டாவி. பர்லியாறு நெருங்கும்போது பேத்தி வாந்தி எடுத்துவிட்டாள்.

மலையில் குழந்தை வாந்தி எடுத்தால் யார் பதறுகிறார்கள்? எலுமிச்சம்பழம் ஒன்றை மூக்கில் வைத்து, பிளாஸ்டிக் பையை மடியில் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். பையில்லை, அதனால் நிறுத்தினோம். பழக்கடைகளெல்லாம் மூடியிருந்தன, ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. வாயைக் கொப்பளிக்க வைத்து, கம்பளி சுற்றி வெளியே பெஞ்சில் உட்கார வைத்தோம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பிள்ளை பன் கேட்டது. மனைவிக்குத் தலைவலி பாதியாகக் குறைந்தது. அக்கா கையில் டீ டம்ளரோடு சொன்னாள்: "ஏன்டா தம்பி, போகும்போதும் இதே பதினாலு வளைவுதானே? அப்ப ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே."

கண்ணைக் கட்டியிருந்தவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை பாருங்கள்.

வளைவு இறங்கும்போதும் அதேதான், ஏறும்போதும் அதேதான். மாறியது இன்ஜின். இறங்கும்போது அது சும்மா சுற்றுகிறது. ஏறும்போது மூச்சு முட்ட முட்ட பெட்ரோலைக் குடிக்கிறது, வண்டி மெதுவாக நகர்வதால் அடியில் கசியும் புகையை அடித்துக்கொண்டு போகக் காற்றும் இல்லை. அது இன்ஜின் மூடியின் ரப்பர் ஓரத்திலும் கியர் கம்பி ஓட்டையிலும் உள்ளே ஏறி, மூடிய வண்டிக்குள் தங்கிவிட்டது. மீதி வழி முழுக்கக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அக்காவின் முகத்தைச் சால்வையால் மூடி, நடுங்கிக்கொண்டே வீடு வந்தோம்.

மறுநாள் காலை வண்டி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது முற்றத்தில் கோணி விரித்துப் படுத்து, மகனை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். குளிர் எங்களுக்கு ஒரு உதவி செய்கிறது. புகையில் இருக்கும் நீராவி வெளியே வந்ததும் வெள்ளையாகத் தெரியும். குழாய் சைலன்சர் டிரம்முக்குள் நுழையும் இடத்து வெல்டில், இன்ஜின் துடிப்புக்குத் துடிப்பு ஒரு சின்ன வெள்ளை மூச்சு வந்து போனது. பீடி குடிப்பவர் மூக்கு வழியே விடுவாரே, அந்த அளவுதான். பக்கத்தில் வெள்ளிப் பூச்சின் மேல் கரிக்கோடு ஒன்று, கண்மை தீற்றிய மாதிரி. மாட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

கழற்றி எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்தார். "அது ஓடஓட கரி புடிச்சுத் தானா அடைச்சுக்குமுங்க ஐயா" என்றார். மாற்றிக் கொடுங்கள் என்றேன். எலெக்ட்ரிக்கல் சாமானுக்கும் சைலன்சருக்கும் கேரண்டி கிடையாதாம். வேண்டுமானால் பேஸ்ட் ஒரு டியூப் தருகிறேன், இனாம் என்றார்.

கடை பேரை எழுதப்போவதில்லை. இந்த பதில் அந்த ஒரு கடையோடு நிற்பதில்லை என்பதால்தான் இந்தக் கடிதமே. பொடித் துளையைக் கரி அடைப்பது உண்டுதான், பொய்யில்லை. அடைத்த கரி அடுத்த குழியில் வண்டி விழும்போது உதிர்ந்துவிடும். பேஸ்ட்டும் அப்படித்தான், மேலே பூசினால் காய்ந்து ஓடாக நிற்கும், அதிர்ச்சியில் வெடித்துவிடும். ஊர் போய்ச் சேர உதவும், அவ்வளவுதான்.

புது வெல்டு கசிவதைப் பார்த்ததும் எனக்கு வேறொரு மலை நினைவுக்கு வந்தது. வடக்கே பனிமலையில் வேலை பார்த்தபோது எங்களிடம் ஸ்னோ ஸ்கூட்டர்கள் இருந்தன. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் ரப்பர் பெல்ட். டூ ஸ்ட்ரோக் இன்ஜின். அதற்குக் குழாய் வெறும் சத்தம் குறைக்க மட்டும் இல்லை. நடுவில் வயிறு பெருத்து இரு பக்கமும் ஒடுங்கிய அந்தக் குழாய், புகையின் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, எரியாமல் வெளியே ஓடப் பார்க்கும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அதில் ஓட்டை விழுந்தால் இன்ஜினின் பலமே போகும். ஒரு புதுக் குழாய் மாட்டிய இரண்டாம் நாளே வெல்டு ஓரமாகக் கறுப்பு எண்ணெய் வழிந்தது. துடைத்தேன், மறுபடி வழிந்தது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு எண்ணெயும் எரிவதால் கசிவு ஈரமாகத் தெரியும், கண்டுபிடிப்பது சுலபம். அந்த வண்டியில் குழாய் முன் மூடிக்குள்ளேயே இருக்கும். கசிந்த புகையை இன்ஜினே திரும்ப இழுத்து, மூச்சுத் திணறி நின்று நின்று போனது. ஓட்டுகிறவன் திறந்தவெளியில் உட்கார்ந்திருந்ததால் அவனுக்கு ஆபத்து குறைவு. பாதிப்பு மெஷினுக்கு. இங்கே என் வேனில் அது தலைகீழ். மெஷின் ஜம்மென்று ஓடியது, உள்ளே இருந்த நாலு பேருக்குத்தான் பாதிப்பு.

அங்கே ஒரு மூத்த ஹவில்தார் சொல்லிக்கொடுத்ததை இன்னும் மறக்கவில்லை. கசிகிற வெல்டைப் பார்த்தால் உடனே பற்றவைக்கும் ராடை எடுக்காதே, முதலில் அது விரிசலா துளையா என்று பார் என்பார். வெல்டை ஒட்டிய தகட்டில் முடி மாதிரி கோடு ஓடியிருந்தால் மாட்டினவன் மேல் தப்பு. குழாயை வளைத்து இழுத்து, பொருந்தாத ஓட்டைக்கு போல்ட்டை முறுக்கி ஏற்றியிருப்பான். எத்தனை தரம் பற்றவைத்தாலும் திரும்ப விடும். போல்ட், கிளாம்பு, ரப்பர் எல்லாவற்றையும் தளர்த்தி, குழாயைத் தன் போக்கில் தொங்கவிட்டு, இன்ஜின் பக்கமிருந்து ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு வர வேண்டும். வெல்டின் நடுவிலேயே ஊசித் துளை இருந்தால், அது செய்தவன் தப்பு.

என்னுடையது துளை. சந்தேகமே வேண்டாம் என்று சைலன்சரின் வால் பக்கத்தைத் துணியால் அடைத்து, முன் பக்கம் தூசி ஊதும் ப்ளோயரை வைத்து, பாத்திரம் துலக்கும் சோப்பைக் கரைத்து பிரஷ்ஷால் தடவினேன். மூன்று இடத்தில் நுரை கிளம்பியது. இரண்டு கடுகளவு. மூன்றாவது, கைக்குழந்தை வாயோரம் எச்சில் குமிழ் ஊதுமே, அந்த மாதிரி ஊதி ஊதி உடைந்தது. கிரைண்டர் வைத்து மேல் பூச்சை எடுத்ததும் கதை முழுதாகத் தெரிந்தது. வெல்டு குழாயின் மேல் மட்டும் குந்தியிருந்தது, டிரம் தகட்டைப் பிடிக்கவே இல்லை. பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே பற்றவைத்திருக்கிறார்கள். அந்தப் பூச்சு ஆவியாகி வெளியே வர வழி தேடியதில் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. அதற்கு மேல் வெள்ளி பெயிண்ட்.

குன்னூரில் எனக்குத் தெரிந்த வெல்டிங் தம்பி ஒருவர் சரிசெய்து கொடுத்தார். சாதாரண ராடு வேண்டாம் என்றேன். ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தகடு, ராடு வைத்தால் ஒரு துளை போய் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை விழும். அவரிடம் மிக் மெஷின் இருந்தது, ராடுக்குப் பதிலாக மெல்லிய கம்பி தானாக ஓடி வந்து உருகும் வெல்டிங் மெஷின். பழைய வெல்டை முழுக்க அரைத்து எடுத்து, இரும்பு வெள்ளையாக மின்னும் வரை சுத்தம் பண்ணி, எதிரெதிராக நாலு இடத்தில் டாக் அடித்து, அதாவது பிடித்து நிற்க மட்டும் பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி வந்தார். ஒரே இழுப்பில் சுற்றினால் சூட்டில் குழாய் கோணிவிடும். சரியாக ஓடும்போது அப்பளம் பொரிகிற சத்தம் வரும், அவருக்கு அது வந்தது. பூச்சுப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர் ஜுரம் காணும், பால் குடித்தால் சரியாகிவிடும் என்று வெல்டர்களிடையே ஒரு நம்பிக்கை. பால் நல்லதுதான், ஆனால் அதற்கு மருந்தில்லை. முகமூடியும் திறந்த கதவும் வேண்டும் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். சிரித்தார், ஆனாலும் கதவைத் திறந்தார். கூலி 350 ரூபாய். வண்டியிலேயே வைத்துப் பற்றவைப்பவர்கள் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்யட்டும், பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்றும் பார்த்துக்கொள்ளட்டும்.

இனி, உங்கள் படத்துக்குக் கீழே நான் கேட்கும் நாலு வரி.

சைலன்சர் கசிவில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. கூட வரும் புகை நாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், பழைய வண்டிக்காரர்களுக்கு அந்த நாற்றம் மூக்குக்குப் பழகிப்போய்விடுகிறது, எனக்குப் பழகிய மாதிரி. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கம். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போனதை நாம் செய்தியில் படித்திருக்கிறோம். அதே வாயு. அந்தச் செய்தி படித்து "ஐயோ" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அதே வாயுவை என் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறேன்.

மலையில் இது கூடுதல் தொல்லை. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே டியூன் பண்ணிய கார்புரேட்டர் மேலே வந்தால் காற்றுக்கு அதிகமாகப் பெட்ரோலை ஊற்றும், பாதி எரிந்த புகை கூடும், அதில்தான் இந்த வாயு அதிகம். நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் ஏற்கெனவே குறைவு. கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். புகையில் மீந்திருப்பதை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரை ஏமாற்றும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். மைலேஜ் குறைந்தால் அதையும் பாருங்கள்.

புகைச் சான்று இருக்கிறதே என்பார்கள். என் வண்டிக்கும் இருந்தது, செல்லுபடியாகும் சான்று. சோதனைக் குழாயை சைலன்சரின் வாலில்தான் சொருகுகிறார்கள். வழியிலேயே வெளியேறிவிட்ட புகை வாலுக்கு எப்படி வரும்? ஓட்டை வழியே வெளிக்காற்று கலந்தால் வாலில் காட்டும் அளவு இன்னும் நல்லதாகவே காட்டும். எனவே போக்குவரத்து அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள்: பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன்களை, அதிலும் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருப்பவற்றை, நவம்பரிலேயே ஒரு குளிர்ந்த காலையில் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள். டார்ச் விளக்கு போதும். கோத்தகிரி, குந்தா, கூடலூர் எங்கேயும் காலை ஏழு மணிக்குக் கண்ணாடி ஏற்றிய வேன்களில்தான் பிள்ளைகள் போகிறார்கள். வாந்தி எடுக்கும் பிள்ளையை "இதுக்கு மலை ஒத்துக்காது" என்று சொல்லிப் பின் சீட்டுக்கு அனுப்புகிறோம். மலையில் பிறந்த பிள்ளைக்கு மலை ஏன் ஒத்துக்கொள்ளாது?

ஓட்டுநர்களுக்கும் ஒன்று. ஏற்றத்தில் வண்டியில் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலை வலித்தால் நிறுத்தி இறங்குங்கள். வெளிக்காற்றில் தெளிந்தால் காரணம் வண்டிக்குள் இருக்கிறது. தெளியாமல் தடுமாறினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், புகை அடித்தது என்று மறக்காமல் சொல்லுங்கள், ஆக்சிஜன் வைப்பார்கள். மூட்டை ஏற்றிப் பின் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள், வாலில் வரும் புகை அந்த வழியே உள்ளே சுருண்டு வரும். இந்த வாயுவுக்கென்று பேட்டரியில் ஓடும் அலாரம் கிடைக்கிறது. சமையல் கேஸ் அலாரம் வேறு, அது இதைக் கண்டுபிடிக்காது.

கடைக்காரர்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியில் இருக்கும்போதே சோப்பு நுரை போட்டு ஒரு ஊது ஊதினால் இரண்டு நிமிட வேலை. கசிந்தால் வந்த இடத்துக்குத் திருப்பி அனுப்புங்கள், எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

இன்ஜின் மூடிக்குப் புது ரப்பர் போட்டுவிட்டேன், கியர் கம்பிக்கும். காலையில் இப்போது டிக் டிக் இல்லை, வால்வு சத்தம் என்று நான் நினைத்தது வால்வு இல்லை. வருகிற வியாழக்கிழமை அக்காவுக்கு மறுபரிசோதனை, அதே வழி, அதே ராத்திரி ஏற்றம். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கித்தான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். பேத்தி இப்போதே இரண்டு ஸ்வெட்டர் எடுத்து வைத்திருக்கிறாள், பையும் ஒன்று. பை வேண்டாம் என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
முன்னாள் ராணுவ மெக்கானிக் ஒருவர்,
வெலிங்டன், நீலகிரி.